விரையும் அரமும் விரையாத திரவமும்

வேர் சிகிச்சையில் நேரம் எங்கே செலவாகிறது என்று கேட்டால், அதைச் செய்யும் பல் மருத்துவரும் நாற்காலியில் வாய் திறந்து படுத்திருக்கும் நோயாளியும் பெரும்பாலும் ஒரே விடையைத்தான் சொல்வார்கள்: வேருக்குள் கருவியை விட்டுக் குடைவதில். முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு அந்த விடை சரியாகவே இருந்தது, இன்று சரியில்லை. குடையும் வேலை சில நிமிடங்களுக்குள் சுருங்கிவிட்ட பிறகும் ஒரு கடைவாய்ப் பல்லின் சிகிச்சை ஒரு மணி நேரத்தைத் தாண்டிச் செல்கிறது என்றால், அந்த நேரம் எதற்குப் போகிறது, அதில் எதைக் குறைக்கலாம், எதைக் குறைத்தால் பல் கெடும் என்பவை தனித்தனியே பிரித்துப் பார்க்க வேண்டிய கேள்விகள். பல் மருத்துவத்தில் வேகத்தைப் பற்றி நடக்கும் பேச்சு இந்த மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிடுகிறது. கருவி விற்பவர்களுக்கு அந்தக் குழப்பம் வசதியாகவும் இருக்கிறது.

பல்லின் வெளிப்புறத்தில் எனாமலும், அதற்குள் டென்டைன் எனப்படும் கடினத் திசுவும், அதற்கும் உள்ளே ரத்த நாளங்களும் நரம்புகளும் நிறைந்த மெல்லிய பற்கூழும் இருக்கின்றன. இக்கூழ் பல்லின் மேற்பகுதியில் ஓர் அறையை நிரப்பி, அங்கிருந்து ஒவ்வொரு வேருக்குள்ளும் கால்வாய்களாக இறங்குகிறது. சொத்தை அந்த அறையை எட்டும்போது, விரிந்துகொடுக்காத சுவர்களுக்குள் வீங்க முற்படும் கூழ் தாங்க முடியாத வலியைத் தந்து, பிறகு செத்து அழுகி, வேர் நுனிக்கு வெளியே உள்ள எலும்பில் சீழ் கட்டச் செய்கிறது. இதற்கெல்லாம் மூலம் நுண்ணுயிரிதான் என்பதை ஐயத்துக்கு இடமின்றிக் காட்டியது 1965இல் ககெஹாஷி, ஸ்டான்லி, ஃபிட்ஸ்ஜெரால்ட் ஆகிய மூவர் வெளியிட்ட ஆய்வு. நுண்ணுயிரி அறவே இல்லாத சூழலில் வளர்க்கப்பட்ட எலிகளின் பற்கூழைத் திறந்துவிட்டபோது, உணவுத்துகள் அடைத்துக்கொண்ட நிலையிலும் கூழ் பிழைத்துத் திறப்பைத் தானே மூடிக்கொள்ளத் தொடங்கியது. சாதாரண எலிகளில் அதே திறப்பு கூழை அழித்து நுனியில் சீழை உண்டாக்கியது. ஆகவே ‘நரம்பை எடுத்துவிடுவது’ என்று பேச்சு வழக்கில் சொல்லப்படும் இந்தச் சிகிச்சையின் உண்மையான இலக்கு, எடுப்பதைக் காட்டிலும் கிருமி நீக்குவதும், நீக்கிய பின் மீண்டும் புகாதபடி அடைப்பதுமே ஆகும். திறனைப் பற்றிய எந்தக் கணக்கும் இங்கிருந்து தொடங்கவில்லையென்றால் தவறாகவே முடியும்.

குடையும் கருவி, கிருமி நீக்கும் வேலையில் எவ்வளவு தூரம் போகும் என்பதற்குக் கால்வாயின் வடிவமே எல்லை வகுக்கிறது. சுவிட்சர்லாந்தின் வால்ட்டர் ஹெஸ், ஆயிரக்கணக்கான பற்களின் கால்வாய்களுக்குள் வல்கனைட் ரப்பரைச் செலுத்தி, பல்லைக் கரைத்துவிட்டு எஞ்சிய வார்ப்புகளைப் படம்பிடித்து வெளியிட்ட நூல் 1925இல் ஆங்கிலத்தில் வந்தபோது, பாடநூல்களில் நேர்க்குழாயாக வரையப்பட்டிருந்த கால்வாய் உண்மையில் பிரிந்தும் கூடியும் வலைபோல் கிளைத்தும் கிடப்பதைப் பல் மருத்துவர்கள் கண்ணால் பார்த்தனர். முக்கால் நூற்றாண்டு கழித்து, 2001இல், ஓவே பீட்டர்ஸ் குழுவினர் மேல் கடைவாய்ப் பற்களை நுண் சி.டி. கருவியால் குடைவதற்கு முன்பும் பின்பும் படமெடுத்து ஒப்பிட்டபோது, எந்த வகைக் கருவியைக் கொண்டு குடைந்தாலும் கால்வாய்ச் சுவரில் 35 விழுக்காடோ அதற்கு மேலோ தொடப்படாமலே எஞ்சியது தெரியவந்தது. மூன்றில் ஒரு பங்குக்குக் கருவி போகவே இல்லை. அங்கே போகக்கூடியது திரவம் ஒன்றுதான்.

அந்தத் திரவம் சோடியம் ஹைப்போகுளோரைட். துணி வெளுக்கும் பிளீச்சிங் நீரின் அதே சரக்கு. முதல் உலகப்போரில் சிதைந்த காயங்களைக் கழுவ, வேதியியலாளர் ஹென்றி டாக்கினும் அறுவை மருத்துவர் அலெக்சிஸ் கேரலும் இதன் 0.5 விழுக்காட்டுக் கரைசலைப் பயன்படுத்தினர். 1930களில் அது பல்லின் வேருக்குள் வந்து சேர்ந்தது. உயிரற்ற திசுவைக் கரைப்பது, நுண்ணுயிரியைக் கொல்வது ஆகிய இரண்டையும் ஒருசேரச் செய்யும் வேறு திரவம் இன்றுவரை இத்துறைக்கு வாய்க்கவில்லை. 0.5 முதல் 6 விழுக்காடு வரை வெவ்வேறு செறிவுகளில் இது பயன்படுகிறது. செறிவு, வெப்பம், அளவு, அசைவு, தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் ஆகியவற்றைப் பொறுத்தே இதன் ஆற்றல் அமைகிறது. திசுவோடு வினைபுரிந்த திரவத்தில் குளோரின் தீர்ந்துபோகிறது. எனவே பழையதை வெளியேற்றிப் புதியதைத் திரும்பத் திரும்பச் செலுத்த வேண்டியிருக்கிறது. செறிவையும் வெப்பத்தையும் ஓரளவு கூட்டலாம். நேரத்தை முற்றிலும் ஒழிக்க முடியாது.

இந்த இடத்தில்தான் கடந்த சில பத்தாண்டுகளின் மிகப்பெரிய முன்னேற்றம் தனக்கே தெரியாமல் ஒரு சிக்கலையும் உடன் கொண்டுவந்தது. ஃபைல் என்று பல் மருத்துவர்கள் சொல்லும் மெல்லிய அரம் நீண்ட காலம் எஃகால் ஆனதாக இருந்தது. 1838இல் அமெரிக்காவின் எட்வர்ட் மேனார்ட் கடிகாரச் சுருளை இழைத்துத் தமக்கென முதல் அரத்தைச் செய்துகொண்டார் என்பது துறையின் வரலாறு. 1958இல் இங்கிளும் லெவினும் முன்வைத்த தரப்படுத்தலுக்குப் பின்னர், அரத்தின் எண் அதன் முனை விட்டத்தை மில்லிமீட்டரின் நூற்றில் ஒரு பங்குகளில் குறிப்பதாக ஆனது. 10 என்பது 0.10 மில்லிமீட்டர், 25 என்பது 0.25 மில்லிமீட்டர், கைப்பிடியின் நிறம் எண்ணுக்கு எண் மாறும். எஃகு விறைப்பானது, வளைந்த கால்வாயில் அதைப் பெரிய எண்களுக்குக் கொண்டுசெல்லும்போது நேராக நிமிரப் பார்க்கும், ஆகவே கையால், கால் சுற்று அரைச் சுற்றாக, எண்ணுக்கு எண் ஏறி இறங்கி, ஒவ்வொரு முறையும் கழுவிக் குடைய வேண்டியிருந்தது. ஒரு கடைவாய்ப் பல்லுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை ஆனது. அமெரிக்கக் கடற்படையின் ஆய்வகத்தில் வில்லியம் பியூலர் உருவாக்கிய நிக்கல்-டைட்டானியம் உலோகக்கலவை, வளைத்தால் வளைந்து விட்டால் பழைய வடிவுக்குத் திரும்பும் தன்மை கொண்டது. 1988இல் வாலியா, பிரான்ட்லி, கெர்ஸ்டைன் ஆகியோர் பல் சீரமைப்புக்கான கம்பியிலிருந்து இந்த உலோகத்தில் அரம் செய்து சோதித்தனர். 1990களில் அதை மோட்டாரில் பூட்டி நிமிடத்துக்கு ஏறத்தாழ 300 சுற்றுகள் சுழலவிடும் முறை பரவியது. இன்று ஒரு கால்வாயைத் தயார்செய்வது ஓரிரு அரங்களின், ஓரிரு நிமிடங்களின் வேலை.

கையால் குடைந்த காலத்தில் ஹைப்போகுளோரைட்டுக்கு வேண்டிய நேரத்தை யாரும் தனியாக ஒதுக்கவில்லை. ஒதுக்கத் தேவையும் இருக்கவில்லை. குடைவது மெதுவாக நடந்ததால், அதற்கு இடையிடையே ஊற்றப்பட்ட திரவம் தானாகவே அரை மணி நேரம் கால்வாயில் ஊறிக்கிடந்தது. அரம் வேகமானபோது அந்த அரை மணி நேரமும் சேர்ந்து காணாமற்போனது. வேதியியல் மட்டும் தன் வேகத்தை மாற்றிக்கொள்ளவில்லை. வேருக்குள் நேர்த்தியான கூம்பு வடிவம், எக்ஸ்-ரே படத்தில் நுனிவரை சீராக இறங்கும் வெண்கோடு, ஆனால் தொடப்படாத மூன்றில் ஒரு பங்குச் சுவரில் கிருமிப்படலம் அப்படியே என்ற நிலை இதனால் சாத்தியமாகிவிட்டது. படம் அழகாக இருப்பதால் அதைப் பார்க்கும் யாருக்கும் ஐயம் எழாது. இத்துறையில் அவசரத்தின் விளைவு உடனடியாகத் தெரிவதில்லை என்பதும், ஓராண்டோ மூன்றாண்டுகளோ கழித்து வேர் நுனியில் ஒரு கருவட்டமாகவே வெளிப்படுகிறது என்பதும், அப்போது நோயாளி பெரும்பாலும் வேறொரு மருத்துவரின் நாற்காலியில் இருக்கிறார் என்பதும் இதைத் திருத்துவதைக் கடினமாக்குகின்றன.

அப்படியென்றால் சுழலும் அரத்தைக் கைவிட வேண்டும் என்பது பொருளல்ல. குடைவதன் பயனே திரவத்துக்கு வழி அமைப்பதுதான். கழுவ உதவும் 30 கேஜ் ஊசியின் விட்டம் ஏறத்தாழ 0.3 மில்லிமீட்டர், ஊசியின் முனையைத் தாண்டித் திரவம் ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்கு மேல் பயனுள்ள விதத்தில் செல்வதில்லை, குறுகிய கழுத்துள்ள புட்டியைக் கழுவும்போது போல, அடியில் காற்றுக்குமிழி அடைத்துக்கொண்டால் அதுவும் செல்வதில்லை. ஊசி நுனிக்கு அருகே இறங்கும் அளவுக்குக் கால்வாயை அகலமாக்குவதும், அதே சமயம் வேரை மெலிய வைக்காமல் இருப்பதும் அரத்தின் பொறுப்பு. அந்தப் பொறுப்பை நிக்கல்-டைட்டானியம் எஃகைவிடச் சிறப்பாகவே நிறைவேற்றுகிறது. வேண்டியதெல்லாம், அரம் மிச்சப்படுத்திய நிமிடங்களைத் திரவத்துக்குத் திருப்பித் தருவது. இதைச் செய்ய நாற்காலி நேரத்தை நீட்ட வேண்டியதும் இல்லை என்பதுதான் திறமையான மருத்துவர்களின் வேலையைக் கவனிக்கும்போது தெரியும் நுட்பம். அவர்கள் முதல் கால்வாயை முடித்துத் திரவத்தால் நிரப்பிவிட்டு இரண்டாவதற்குப் போகிறார்கள். அது குடையப்படும்போது முதலாவது ஊறிக்கொண்டிருக்கிறது. அடைப்புக்கான குச்சியைப் பொருத்திப் பார்த்து எக்ஸ்-ரே எடுக்கும் நேரத்தில் மூன்று கால்வாய்களும் ஊறுகின்றன. இடையிடையே அல்ட்ராசோனிக் முனையைச் சில நொடிகள் உள்ளே அதிரவிட்டுத் திரவத்தைக் கலக்கிப் புதுப்பிக்கிறார்கள். கடைசியில் 17 விழுக்காட்டு இ.டி.டி.ஏ. என்னும் கரைசலை ஒரு நிமிடம் அளவுக்கு விட்டு, குடைந்தபோது சுவரில் பூசிக்கொண்ட டென்டைன் மாவைக் கரைக்கிறார்கள். இது ஹைப்போகுளோரைட்டோடு கலந்தால் அதன் குளோரினைத் தின்றுவிடும் என்பதால் இரண்டையும் ஒரே நேரத்தில் விடுவதில்லை. காத்திருக்க வேண்டிய நேரத்தை வேறொரு வேலையின் அடியில் ஒளித்துவைப்பது என்று இதைச் சொல்லலாம்.

நேரம் வீணாகும் இடம் வேறு. அது தொடக்கத்தில் இருக்கிறது. பல்லின் மேற்புறத்தைத் துளைத்துக் கூழறையைத் திறப்பதைத் தமிழ்நாட்டுப் பல் மருத்துவமனைகளில் ‘ஓப்பனிங்’ என்பார்கள். இரண்டு நிமிடத்தில் சிறிதாகத் திறந்துவிட்டு உள்ளே போனவர், அடுத்த நாற்பது நிமிடங்களை அந்தச் சிறு திறப்பின் விளிம்போடு போராடுவதில் செலவழிக்கிறார்: அரம் நேராக இறங்காமல் விளிம்பில் முட்டி வளைகிறது, ஒளி உள்ளே எட்டவில்லை, ஒரு கால்வாயின் வாயிலே கண்ணில் படுவதில்லை. கிராஸ்னரும் ரான்கோவும் 500 பற்களின் கூழறைகளை ஆராய்ந்து 2004இல் வெளியிட்ட விதிகள் இந்தப் போராட்டத்தைப் பெருமளவு தேவையற்றதாக்கின. அறையின் தரை எப்போதும் சுவரைவிடக் கருமையானது. கால்வாய்களின் வாயில்கள் தரையும் சுவரும் சேரும் கோட்டில்தான் இருக்கும். அந்தக் கோடு முழுவதும் கண்ணுக்குத் தெரியும்வரை திறப்பு முடியவில்லை என்று பொருள்.

மேல் தாடையின் முதல் கடைவாய்ப் பல்லில் இதை அருகிருந்து பார்க்கலாம். இப்பல்லின் முன்–கன்னப்பக்க வேரில் வெளிப்படையாகத் தெரியும் கால்வாயைத் தவிர இன்னொன்றும் பாதிக்கு மேற்பட்ட பற்களில் உண்டு. பல் மருத்துவர்கள் அதை ‘எம்.பி. டூ’ என்று அழைக்கிறார்கள். சிகிச்சை தோற்ற மேல் கடைவாய்ப் பற்களைத் திரும்பத் திறக்கும்போது கைபடாமல் விடப்பட்டதாகக் காணப்படுவது பெரும்பாலும் இதுதான். முதல் கால்வாயின் வாயிலிலிருந்து அண்ணப்பக்க வாயிலை நோக்கி மெல்லிய பள்ளக்கோடு ஒன்று செல்லும்; அதன்மேல் டென்டைன் ஒரு சிறு திண்டுபோல் முன்னே நீட்டி மூடியிருக்கும். அல்ட்ராசோனிக் முனையால் அந்தத் திண்டை மெல்லச் சீவும்போது எழும் வெண்பொடி பள்ளத்தில் படிந்து, சாம்பல் நிறத் தரையில் ஒரு வெண்புள்ளியாகத் தங்கும். ஒரு சொட்டு ஹைப்போகுளோரைட் விட்டால் அந்தப் புள்ளியிலிருந்து மட்டும் நுண்குமிழிகள் எழுந்துகொண்டே இருக்கும். உள்ளே கரைவதற்குத் திசு இருக்கிறது என்பதன் அடையாளம் அது. நுனியை லேசாக வளைத்த 8ஆம் எண் அரத்தை அங்கே வைத்து இலேசாகத் திருகினால், விரலில் ஒரு பிடிப்பு தெரியும். எடுக்கும்போது விடாமல் ஒரு கணம் ஒட்டிக்கொள்ளும். உருப்பெருக்கியும் நல்ல ஒளியும் இருந்தால் இதற்கெல்லாம் ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்தை மிச்சப்படுத்தியவர் இரண்டாண்டு கழித்துப் பழைய அடைப்பைக் கரைத்தெடுத்து மறுபடி செய்வதற்கு ஒரு முழு மாலையைக் கொடுக்க நேரிடும். அல்லது நோயாளி தன் பல்லைக் கொடுக்க நேரிடும்.

சுழலும் அரத்தை உள்ளே விடுவதற்கு முன் 10ஆம் எண், 15ஆம் எண் கை அரங்கள் நுனிவரை தடையின்றிச் சென்றுவரும்படி வழுவழுப்பான ஒரு முன்வழியை அமைத்துக்கொள்வதும் இப்படித் தாமதம்போல் தோன்றும் இன்னொரு சிக்கனம். அது இல்லாமல் மோட்டாரை ஓட்டினால் அரத்தின் முனை ஒரு குறுகலில் மாட்டிக்கொள்ள, மேற்பகுதி தொடர்ந்து சுழல, அரம் முறுக்கி முறிந்து உள்ளேயே தங்கிவிடும். முறிவுக்கு இன்னொரு காரணமும் உண்டு: வளைவில் சுழலும் அரம் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பக்கம் இழுபட்டும் மறுபக்கம் அழுத்தப்பட்டும் களைத்துப்போகிறது, அந்தக் களைப்பு வெளியே தெரிவதில்லை. விலையுயர்ந்த பொருள் என்பதால் ஒரே அரத்தைப் பல நோயாளிகளுக்கு, ஆட்டோகிளேவில் கிருமி நீக்கி, மீண்டும் மீண்டும் பயன்படுத்தும் வழக்கம் நம்மிடம் உண்டு. 2007இல் பிரிட்டனின் சுகாதாரத் துறை இவ்வரங்களை ஒருமுறை மட்டும் பயன்படுத்தும்படி அறிவுறுத்தியது. அங்கே காரணம் பிரியான் என்னும் நோய்ப்புரதம் பற்றிய அச்சம். நம் கணக்கில் அந்த அச்சத்தைத் தள்ளிவைத்தாலும், முறிந்த ஒரு துண்டை எடுக்கவோ தாண்டிச் செல்லவோ ஆகும் நேரத்தை அரத்தின் விலையோடு கூட்டிப் பார்த்தால் மறுபயன்பாடு மலிவானது அல்ல. எத்தனை முறை பயன்பட்டது என்று பெட்டியில் குறித்துவைக்கும் வழக்கமாவது வேண்டும்.

மரத்துப்போவதற்கான ஊசியிலும் இதே கணக்குத்தான். கீழ்த்தாடை நரம்புக்கு லிக்னோகெயின் போட்டபின் உதடு சில நிமிடங்களில் தடித்ததுபோல் ஆகிவிடும். ஆனால் உதடு மரத்தால் பல்லும் மரத்துவிட்டது என்று பொருளல்ல. அழற்சி கண்ட கூழின் நரம்புகளை மரக்கச் செய்வதும் கடினம். பத்து, பதினைந்து நிமிடம் காத்திருந்து, குளிர்ச்சியான பஞ்சைப் பல்லில் வைத்துச் சோதித்துவிட்டுத் தொடங்குபவர், பாதியில் அலறும் நோயாளியை அமைதிப்படுத்தி இரண்டாம் ஊசி, மூன்றாம் ஊசி என்று போய்க்கொண்டிருப்பவரைவிட முன்னதாகவே முடிக்கிறார். அந்தப் பதினைந்து நிமிடமும் வெறுமனே இருக்க வேண்டியதில்லை. எக்ஸ்-ரேயை நிதானமாகப் படித்து, எந்தப் பல் என்பதை இன்னொரு முறை உறுதி செய்துகொள்ளலாம். கூழுக்குள் இருக்கும் வலிக்கு இடம் காட்டும் திறன் கிடையாது; கீழ்ப் பல்லின் வலியை மேல் பல்லில் உணரும் நோயாளிகள் ஏராளம்; தவறான பல்லில் செய்யப்பட்ட நேர்த்தியான சிகிச்சையைவிடப் பெரிய விரயம் இத்துறையில் இல்லை.

உடலசைவைக் குறைப்பதைப் பற்றித் தொழிற்சாலைகளில் தொடங்கிய சிந்தனை மருத்துவத்துக்குள் வந்த கதை தனியாகச் சொல்லத் தகுந்தது. செங்கல் அடுக்கும் கொத்தனார்களின் அசைவுகளை எண்ணிக் குறைத்துப் பெயர்பெற்ற ஃபிராங்க் கில்பிரெத், 1910களில் அறுவை அரங்குகளைக் கவனித்து, மருத்துவர் கருவியைத் தேடுவதை நிறுத்திவிட்டு, கேட்டவுடன் அவர் கையில் செவிலியர் வைக்க வேண்டும் என்று பரிந்துரைத்தார். பல் மருத்துவத்தில் அதற்கும் முன்பே, 1885இல், அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் சி. எட்மண்ட் கெல்ஸ் ஒரு பெண்ணைத் தம் உதவியாளராக அமர்த்திக்கொண்டார். அதே கெல்ஸ்தான் 1899இல் வேர்க்கால்வாய்க்குள் கம்பியை விட்டு எக்ஸ்-ரே எடுத்து, நீளத்தை ஊகிப்பதற்குப் பதிலாக அளக்கும் வழியைக் காட்டினார். படலத்தைக் கையால் பிடித்தும், கதிரின் வலுவைத் தம் கையிலேயே சோதித்தும் பழகியதால் புற்றுநோய் கண்டு, விரல்களையும் பிறகு கையையும் இழந்து, 1928இல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். இன்று கால்வாயின் நீளத்தை மின்தடையை அளந்து நொடிகளில் காட்டும் ‘அபெக்ஸ் லொக்கேட்டர்’ மேசைமீது இருக்கிறது. ஜப்பானின் சுனாடா 1962இல் வெளியிட்ட அளவீடுகளின் அடிப்படையில் பிறந்த கருவி அது. அதைப் பயன்படுத்தும் எவருக்கும் கெல்ஸின் கை நினைவுக்கு வருவதில்லை. வரவேண்டிய கட்டாயமும் இல்லைதான்.

பல் மருத்துவர்களின் அசைவுகளை ஐந்து வகையாகப் பிரிப்பது பாடநூல் வழக்கம்: விரல் மட்டும், விரலும் மணிக்கட்டும், முழங்கை வரை, தோள் வரை, உடலையே திருப்புவது. கடைசி இரண்டும் நேரத்தையும் முதுகையும் தின்பவை. நம் ஊர்களில் கருவித்தட்டு பெரும்பாலும் மருத்துவரின் பின்னாலோ எட்டாத பக்கத்திலோ இருக்கிறது. உதவியாளர் இருந்தாலும் அவர் பில் போடவும் தொலைபேசி எடுக்கவும் போய்விடுகிறார். உருப்பெருக்கியில் பார்த்துக்கொண்டிருக்கும் கண் ஒருமுறை விலகி அடுத்த அரத்தைத் தேடிவிட்டுத் திரும்பும்போது மறுபடி ஒளிக்கும் குவியத்துக்கும் பழக வேண்டியிருக்கிறது. இதுபோல் ஒரு சிகிச்சையில் எத்தனை முறை நடக்கிறது என்று எண்ணிப் பார்த்தவர் புதிய மோட்டார் வாங்குவதற்கு முன் தட்டை இடம் மாற்றுவார். நீளம் அளந்து ரப்பர் தடுப்பான் பொருத்திய அரங்களை வரிசையாகப் பஞ்சுத் திண்டில் குத்திவைத்திருக்கும் ஒரு பழகிய உதவியாளர் செய்யும் மிச்சத்தை எந்தக் கருவியும் செய்வதில்லை. ஆனால் அவருக்குத் தரப்படும் சம்பளத்தைப் பார்த்தால் இந்த உண்மையை மருத்துவமனைகள் அறிந்திருப்பதாகத் தெரியவில்லை.

1864இல் நியூயார்க்கின் சான்ஃபோர்டு பார்னம் கண்டுபிடித்த ரப்பர் டேம் என்னும் மெல்லிய ரப்பர் விரிப்பு, சிகிச்சைக்குரிய பல்லை மட்டும் வெளியே நீட்டி வாயின் மற்றப் பகுதியை மூடிவிடுகிறது. எச்சிலும் அதிலுள்ள கிருமிகளும் உள்ளே வருவதில்லை. பிளீச்சிங் திரவம் தொண்டைக்குப் போவதில்லை. நழுவிய அரத்தை நோயாளி விழுங்கும் ஆபத்து இல்லை. இவை பாதுகாப்புக்கான காரணங்கள். வேகத்துக்கான காரணமும் உண்டு: விரிப்பு இருந்தால் நோயாளி எழுந்து கொப்பளிக்கத் தேவையில்லை, பஞ்சுச் சுருளை மாற்றத் தேவையில்லை, நாக்கு குறுக்கே வருவதில்லை. போட மூன்று நான்கு நிமிடம் ஆகும் என்பதைச் சொல்லியே இதைத் தவிர்ப்பவர்கள் அதிகம். நம் ஊர் மருத்துவமனைகள் பலவற்றில் இது அலமாரியிலேயே தூங்குகிறது. தவிர்ப்பதற்கு நேரம் ஒரு சாக்குத்தான், பழக்கமின்மையே காரணம்.

இனி அமர்வுகளின் எண்ணிக்கை. இந்தியப் பல் மருத்துவக் கல்லூரிகளில் மாணவர் இச்சிகிச்சையை மூன்று படிகளாகக் கற்கிறார்: முதல் நாள் ஓப்பனிங், இன்னொரு நாள் ‘பி.எம்.பி.’ எனப்படும் குடைந்து கழுவும் வேலை, மற்றொரு நாள் அடைப்பு. ஒவ்வொரு படிக்கும் ஆசிரியரின் கையொப்பம் வேண்டியிருக்கும் இடத்தில் அது இயல்பான ஏற்பாடே. அந்தப் பழக்கம் கல்லூரியைத் தாண்டிச் சொந்த மருத்துவமனைக்கும் வரும்போதுதான் கேள்வி எழுகிறது. ஒரே அமர்வில் முடிப்பதா, பல அமர்வுகளாகப் பிரிப்பதா என்பதை ஒப்பிட்ட கோக்ரேன் தொகுப்பாய்வுகள், நீண்டகாலப் பலனில் இரண்டுக்கும் தெளிவான வேறுபாட்டைக் காணவில்லை. ஒரே அமர்வில் முடித்தவர்களுக்கு முதல் சில நாட்கள் வலி சற்றுக் கூடுதலாக இருக்கலாம் என்கின்றன. சீழ் வடிந்துகொண்டிருந்தால், கால்வாயை உலர வைக்க முடியாவிட்டால், கால்சியம் ஹைட்ராக்சைடை உள்ளே வைத்து மூடி ஒரு வாரம் விடுவதற்குக் காரணம் இருக்கிறது. அவ்வாறு இல்லாதபோது பிரிப்பதால் நோயாளிக்கு என்ன இழப்பு என்பதைக் கணக்கில் எடுத்தாக வேண்டும். கிராமத்திலிருந்து பேருந்து பிடித்து வரும் கூலித் தொழிலாளிக்கு ஒவ்வொரு அமர்வும் ஒரு நாள் கூலி. அதோடு, கூழை எடுத்தவுடன் வலி நின்றுவிடுவதால் ‘சரியாகிவிட்டது’ என்று எண்ணி இரண்டாம் அமர்வுக்கு வராமல் போகிறவர்கள் ஒவ்வொரு மருத்துவமனையின் பதிவேட்டிலும் உண்டு. தற்காலிக அடைப்பு தேய்ந்து கழன்று, கிருமி மறுபடி குடியேறி, ஆறு மாதம் கழித்து முகம் வீங்கி வரும்போது பல சமயம் பல்லைப் பிடுங்குவதைத் தவிர வழியிருப்பதில்லை.

மாலை நேரங்களில் தம் மோட்டாரையும் அரப்பெட்டியையும் பையில் போட்டுக்கொண்டு ஒரே இரவில் இரண்டு மூன்று மருத்துவமனைகளுக்குப் போய்வரும் சிறப்பு மருத்துவர்களைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். சிறு நகரத்து நோயாளிக்கும் முதுநிலை பயின்றவரின் கை கிடைப்பது இந்த ஏற்பாட்டால்தான். ஆனால் கட்டணம் பல்லுக்கு இவ்வளவு என்று நிர்ணயிக்கப்பட்டிருக்கிறது, நேரத்துக்கு அல்ல; எளிய முன்பல்லுக்கும் நான்கு கால்வாய் கொண்ட கடைவாய்ப் பல்லுக்கும் அவருக்குக் கிடைக்கும் பங்கில் பெரிய வேறுபாடு இருப்பதில்லை. அடுத்த மருத்துவமனையில் ஒருவர் ஏற்கெனவே ஊசி போட்டுக்கொண்டு காத்திருக்கும்போது, இங்கே ஊறிக்கொண்டிருக்கும் திரவத்துக்காக இன்னும் பத்து நிமிடம் நிற்பவர் தம் கையிலிருந்து பணத்தைக் கொடுக்கிறார் என்பதே நடைமுறை. அப்படி நிற்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களை நம்பி ஒரு முறையையே நடத்துவது சரியல்ல. கால்வாயின் எண்ணிக்கையையும் வளைவையும் பொறுத்துக் கட்டணத்தை மாற்றி அமைப்பது மருத்துவமனைகளின் கையில்தான் இருக்கிறது.

கழுவி உலர்த்திய கால்வாயை அடைக்கும் குட்டா பெர்ச்சா, மலாய் நாட்டு மரமொன்றின் பால். கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையாக அம்மரங்கள் ஆயிரமாயிரமாக வெட்டப்பட்ட 19ஆம் நூற்றாண்டில்தான் அது பல்லுக்குள்ளும் புகுந்தது. அடைக்கும் வேலை இன்று சில நிமிடங்களில் முடிகிறது. நீட்டிப் பேச அதில் அதிகமில்லை. அதற்கு மேலே வருவதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். ரே, ட்ரோப் ஆகிய இருவர் 1995இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பற்களின் எக்ஸ்-ரேக்களை ஆராய்ந்தபோது, வேர் நுனி நலமாக இருப்பதற்கும் பல்லின் மேலடைப்பு நன்றாக இருப்பதற்கும் உள்ள தொடர்பு, வேர் அடைப்பின் தரத்தோடு உள்ள தொடர்பையும் விஞ்சி நின்றது. பிந்தைய ஆய்வுகள் இரண்டும் முக்கியம் என்று அதைத் திருத்தின. எப்படியானாலும், மேலே கேப் போடாத கடைவாய்ப் பல் ஒருநாள் முறுக்கு கடிக்கும்போது நெடுக்காகப் பிளந்தால், உள்ளே செய்யப்பட்ட அத்தனை நுட்பமும் வீண்.

நோயாளியாக நாற்காலியில் படுக்க நேரும் வாசகர், மருத்துவர் எத்தனை நிமிடத்தில் முடிக்கிறார் என்று கடிகாரத்தைப் பார்க்க வேண்டியதில்லை. ரப்பர் விரிப்பு போடுவீர்களா என்று தொடங்கும் முன் கேட்கலாம்; ஒரே நாளில் முடியுமா, முடியாதென்றால் ஏன் என்று கேட்கலாம்; வலி நின்றாலும் அடுத்த அமர்வுக்குத் தவறாமல் போகலாம்; கேப் போடுவதைப் பொங்கலுக்குப் பிறகு, பிள்ளைகளின் பரீட்சைக்குப் பிறகு என்று தள்ளாமல் சில வாரங்களுக்குள் முடித்துக்கொள்ளலாம்.